கருவி வந்துவிட்டது, கற்றுக்கொடுப்பவர் எங்கே?

சுங்கை வேயில் எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்துவிடும். 1970களிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கிவரும் இடம் அது. என் அம்மா பல ஆண்டுகள் அங்கேதான் ஆப்பரேட்டர் வேலை செய்தார். புதிய இயந்திரம் ஒன்று வந்து இறங்கினால், மறுநாளே யாரையும் அதன் முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள் என்று அம்மா சொல்வார். முதலில் பயிற்சி கொடுப்பார்கள். பிறகு லைன் லீடர் சில நாள் பக்கத்தில் நின்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தனியாக விடுவார்கள். பழகாத கையில் இயந்திரத்தைக் கொடுத்தால் யாருக்கு நட்டம் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குக் கருவி வரும்போது மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் கருவி வருகிறது. அதை ஒப்படைக்கும் படம் பத்திரிகையில் வருகிறது. பயிற்சி, வந்தால் வருகிறது. வாசிக்கவும் எழுதவும் தடுமாறும் ஒரு மாணவனுக்குக் கைகொடுக்கக்கூடிய வசதிகள் இன்று நம் பள்ளிக் கணினிகளுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைத் திறந்து காட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் அந்தக் கட்டடத்தில் இல்லாவிட்டால், அவை இருந்தும் பயனில்லை. ஆகவே, அடுத்த தொகுதி மடிக்கணினிகளை வாங்குவதற்கு முன், பள்ளியில் வேலை செய்கிறவர்களுக்கு முறையான பயிற்சி கொடுங்கள் என்பதே என் கருத்து. ஆசிரியர்கள் தொடங்கி அலுவலக ஊழியர்கள் வரை எல்லாருக்கும்.

மூக்குக்கண்ணாடியும் உதவிக் கருவிதான்

‘உதவித் தொழில்நுட்பம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் விலையுயர்ந்த இயந்திரம் ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். மூக்குக்கண்ணாடி, காதொலிக் கருவி, சக்கர நாற்காலி எல்லாமே உதவிக் கருவிகள்தான். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கும் அதிகமானோருக்கு இப்படிப்பட்ட ஒரு கருவியாவது தேவைப்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. உதவிக் கருவிகள் மக்களைச் சென்றடைய கொள்கையும் பொருளும் மட்டும் போதாது, பயிற்சி பெற்ற பணியாளர்களும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

வகுப்பறையில் இதன் உருவம் மிக எளிது. எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் குரல், பேசினால் எழுத்தாக மாற்றும் ஒலிவாங்கி, ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் காட்டி மற்றவற்றை மங்கலாக்கும் திரை, எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி, இவைதாம். மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘இம்மர்சிவ் ரீடர்’ என்ற பெயரில் இவற்றில் பல ஏற்கெனவே இருக்கின்றன. கல்வியமைச்சு 2020இல் தொடங்கிய ‘டெலிமா’ தளத்தின் கணக்கு வழியாக மாணவர்களும் ஆசிரியர்களும் கூகுள், மைக்ரோசாஃப்ட் செயலிகளைப் பயன்படுத்த முடியும். அதாவது, இவற்றில் பெரும்பாலானவற்றைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மூன்று மொழி, இரண்டு எழுத்து, ஒரு பிள்ளை

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். நம்மில் பலரும் இந்த வழியாக வந்தவர்கள்தாம். ஏழு வயதில் தமிழ் எழுத்து ஒரு பக்கம், மலாய்க்கும் ஆங்கிலத்துக்குமான ரூமி எழுத்து இன்னொரு பக்கம் என்று சேர்ந்தே படித்தோம். பெரும்பாலோருக்கு அது பழகிவிடுகிறது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிக்கல் உள்ள பிள்ளைக்கு அது எளிதில் பழகுவதில்லை.

தமிழில் ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு; நாக்கில் முதலில் வருவது ‘க்’ என்ற ஒலி. ல, ள, ழ வேறுபாட்டையும் ந, ன, ண வேறுபாட்டையும் காது பிடிப்பதற்கு முன்பே கை எழுதியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. மலாய்மொழியின் எழுத்துக்கூட்டல் ஒழுங்கானது என்பதால் அதில் மட்டும் பிள்ளை ஓரளவு சமாளிக்கக்கூடும். இதன் விளைவு என்ன தெரியுமா? தமிழாசிரியர் ‘வீட்டில் தமிழ் பேசுவதில்லை போலும்’ என்று நினைப்பார். ஆங்கில ஆசிரியர் ‘ஆங்கிலம் எல்லாருக்கும் சிரமம்தானே’ என்பார். மலாய் ஆசிரியர் ‘மெதுவாகப் படிக்கிறான், வந்துவிடும்’ என்று விட்டுவிடுவார். ஒவ்வொருவர் சொல்வதும் தனித்தனியே நியாயமாகத்தான் இருக்கும். மூவரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சிக்கல் மொழியில் இல்லை என்பது புரியும்.

வாசிக்க, எழுத, எண்ணத் தடுமாறும் பிள்ளைகளை அடையாளம் காண 2010இல் ‘லினுஸ்’ திட்டம் வந்தது. 2019இல் அது முடிவுக்கு வந்து, அந்தப் பொறுப்பு பள்ளிகளின் கையில் விடப்பட்டது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022இல் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டன. தேர்வு மீண்டும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால், தேசியத் தேர்வு என்ற வடிகட்டி இல்லாதபோது, தடுமாறும் மாணவனைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் பள்ளியில் இருப்பவர்களின் கண்ணையே நம்பியிருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் பயிற்சி இல்லையென்றால் அவன் எஸ்.பி.எம். வரை யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம்.

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைகளில் நடக்கும் இலவச வகுப்பில் நானும் சில பல்கலைக்கழக மாணவர்களும் பாடம் சொல்லித் தருகிறோம். அங்கு வரும் தம்பி ஒருவன் இரண்டாம் படிவம் படிக்கிறான். மலாக்கா சுல்தானகத்தைப் பற்றிக் கேட்டால் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசுவான். அதையே எழுதச் சொன்னால் மூன்று வரி வரும். அதிலும் பாதி எழுத்து இடம் மாறியிருக்கும். ஒருநாள் அவனுடைய வரலாற்றுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, அதை வாசிக்கும்படி செய்தேன். விரலை வரியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டான். “அக்கா, இது ஸ்கூல்ல இருக்கா?” என்றான். இருக்கிறது. ஆனால், அவனுடைய அம்மா விசாரித்தபோது, கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் மாற்றலாகிவிட்டார், இப்போது அதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று பதில் வந்தது. கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுபோகவும் முடியாது. மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரத் தடை இருப்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. ஆகவே சனிக்கிழமை மட்டும் அவனுக்குப் புத்தகம் பேசுகிறது. மற்ற ஐந்து நாளும் பேசுவதில்லை.

கருவியை முன்னே அனுப்பும் பழக்கம்

இது இன்று நேற்று தொடங்கிய கதை அன்று. 1999இல் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் ஓர் அங்கமாக 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ‘விவேகப் பள்ளி’ முன்னோடித் திட்டம் தொடங்கியது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் ஒளிபடக் கருவிகளும் வழங்கப்பட்டன. 2011இல் ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தரும் ‘1பெஸ்தாரிநெட்’ வந்தது. அந்தத் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவாக இருந்ததை 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் அந்தத் திட்டமும் முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி தருவதாக அறிவிப்பு வந்தது. 2023இல் இலக்கவியல் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டது.

இவற்றால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்று ‘டெலிமா’ கணக்கு இருப்பதால்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுத முடிகிறது. ஆனால், ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை சொல்லப்பட்டது எதைப் பற்றி என்று பாருங்கள். எத்தனை பள்ளி, எத்தனை கணினி, எத்தனை கணக்கு. அவற்றைக் கொண்டு தடுமாறும் மாணவனுக்கு உதவத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு தலைப்புச் செய்தியாக வந்து நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் பெட்ஸி பிலிப்ஸ், ஹொங்சின் சாவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உதவிக் கருவிகளைப் பயன்படுத்தும் 227 பெரியவர்களிடம் கேட்டதில், கருவிகளில் 29.3 விழுக்காடு முற்றாகக் கைவிடப்பட்டிருந்தது தெரிந்தது. அதற்கான காரணங்களில் இரண்டு நமக்குப் பாடம். ஒன்று, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பயன்படுத்தப்போகிறவரின் கருத்தைக் கேட்காதது. இன்னொன்று, கருவி மிக எளிதாகக் கிடைத்துவிட்டது. எளிதாகக் கிடைப்பது எப்படிக் குறையாகும் என்று நானும் முதலில் வியந்தேன். யோசித்துப் பார்த்தால் விளங்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து, ‘உனக்கு எது பொருந்தும், எப்படிப் பயன்படுத்துவாய்’ என்று கேட்காமல் கையில் திணித்த பொருள் அலமாரிக்குத்தான் போகும். அந்த ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. பிள்ளைகளுக்கு அந்த ‘யாரோ ஒருவர்’ ஆசிரியராகத்தானே இருக்க முடியும்?

எப்படிப்பட்ட பயிற்சி?

பயிற்சி என்றதும் நம் ஆசிரியர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஒரு மண்டபம், நாற்பது படவில்லைகள், நடுவில் தேநீரும் கறிபாப்பும், இறுதியில் சான்றிதழ், அதன்பின் குழுப்படம். மறுநாள் வகுப்பில் எதுவும் மாறியிருக்காது.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றி 1980களிலிருந்து ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் வலியுறுத்தியது இதைத்தான். விரிவுரையைக் கேட்பதால் மட்டும் வகுப்பறைப் பழக்கம் மாறுவதில்லை. செய்துகாட்ட வேண்டும், செய்துபார்க்கவிட வேண்டும், திருத்த வேண்டும். அதற்குப் பிறகு வகுப்பறையிலேயே யாராவது பக்கத்தில் இருந்து வழிகாட்ட வேண்டும். தொழிற்சாலையில் லைன் லீடர் செய்வது இதே வேலைதான்.

ஆகவே என் யோசனை இது. இரண்டு மணி நேரம் போதும். ஆனால், ஆசிரியர் தம் சொந்தக் கணினியோடு வரவேண்டும். தம் வகுப்பில் தடுமாறும் ஒரே ஒரு மாணவனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தின் ஒரு பக்கத்தை, கணினி வாசிக்கும்படி தயார் செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் கூடி, அந்த மாணவனுக்கு அது உதவியதா, எங்கே சிக்கியது என்று பேச வேண்டும். அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒரு வழிகாட்டி ஆசிரியர், மாதம் ஒருமுறை வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாவட்டங்களில் ஆசிரியர் நடவடிக்கை மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

தமிழுக்கென்று தனியாகத் தெரிந்திருக்க வேண்டியவை

மலாய், ஆங்கில ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சியை அப்படியே எடுத்துவந்து தமிழாசிரியர்களுக்கு நடத்தினால் போதாது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, எழுத்துரு. நம் நாட்டில் கணினித் தமிழுக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய ‘முரசு அஞ்சல்’ உலகத் தமிழர்களுக்கே பயன்பட்டது. அக்காலத்தில் யுனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். அப்படிப்பட்ட பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வாசிக்கும் குரலைத் தட்டினால் அது உளறும். ‘தமிழை இது வாசிக்காது’ என்று ஆசிரியர் முடிவுகட்டிவிடுவார். குற்றம் குரலில் இல்லை, கோப்பில் இருக்கிறது. யுனிகோடில் தட்டச்சு செய்யப் பழகினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, வருடி எடுத்த பக்கங்கள். பயிற்சிப் புத்தகத்தை வருடி பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினால் அது வெறும் படம். வாசிக்கும் குரலுக்கு அதில் எழுத்தே கிடையாது. ஆனால், அந்தப் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் சரியாகவே மீண்டு வந்துவிடும். தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர்கள் ஏராளமான பழைய நூல்களை இந்த வழியில்தான் எழுத்தாக மாற்றியிருக்கிறார்கள். பிழை திருத்த ஐந்து நிமிடம் ஆகும். அவ்வளவுதான்.

மூன்றாவது, பேச்சுத்தமிழ். சொல்வதை எழுத்தாக்கும் வசதி இன்று தமிழிலும் உண்டு. ஆனால், அது நாம் பேசுவதை அப்படியே எழுதும். ‘போயிட்டேன்லா’ என்றால் ‘போயிட்டேன்லா’ என்றுதான் வரும். கட்டுரைக்கு வேண்டுமானால் மாணவன் எழுத்துத்தமிழில் சொல்லிப் பழக வேண்டும். இது குறையா என்றால், இல்லை என்பேன். பேனாவோடு போராடாமல் நல்ல தமிழில் வாக்கியம் அமைக்கப் பழகுவதற்கு இதைவிடச் சிறந்த வழி எது? ஆனால், இதை முன்கூட்டியே சொல்லித் தரத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். இல்லையென்றால் முதல் நாளே ‘இது தப்பும் தவறுமாக எழுதுகிறது’ என்று மூடி வைத்துவிடுவார்கள்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் குரல் பட்டியலில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழோடு மலேசியத் தமிழ் என்ற தனிப் பிரிவும் இருக்கிறது. கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள். நம் பெயரில் ஒரு குரல் இருப்பதே நமக்குத் தெரியாமல் இருக்கிறோம்.

ஏன் எல்லாப் பணியாளர்களும்?

சிறப்புக் கல்வி ஆசிரியருக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தடுமாறும் மாணவர்கள் எல்லாரும் சிறப்புக் கல்வி வகுப்பில் இல்லை. பெரும்பாலோர் சாதாரண வகுப்பின் கடைசி வரிசையில்தான் இருக்கிறார்கள். ஒரு நாளில் ஐந்தாறு ஆசிரியர்கள் அந்த வகுப்புக்கு வந்து போகிறார்கள். குறைநீக்கல் ஆசிரியர் அரைமணி நேரம் அனுமதிப்பதை அடுத்து வருகிற ஆசிரியர் ‘ஏய்க்கிறான்’ என்று பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்?

வினாத்தாளைத் தட்டச்சு செய்வதும் சுற்றறிக்கையை வருடி அனுப்புவதும் பல இடங்களில் அலுவலக ஊழியர்தான். மாணவர்களோடு அதிக நேரம் இருப்பவர் மாணவர் நிர்வாக உதவியாளர். நூல்நிலையத்துக்குப் பொறுப்பானவரும் கணினித் தொழில்நுட்பரும் விடுதிக் காப்பாளரும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் அறியாமல் போனாலும் சங்கிலி அறுந்துவிடும். தவிர, ஆசிரியர்கள் மாற்றலாவது இயல்பு. ஒருவருக்கு மட்டும் தெரிந்த வித்தை அவரோடு சேர்ந்து வேறு ஊருக்குப் போய்விடும்.

சென்னையில் நடந்த ஒன்று இங்கே பொருந்தும். அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர், பேச முடியாத பிள்ளைகள் படங்களைத் தொட்டுப் பேசும் ‘ஆவாஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். அந்நகரின் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உழைத்ததில் அது வடிவம் பெற்றது. 2011இல் எம்.ஐ.டி.யின் ‘டெக்னாலஜி ரிவியூ’ இதழ் 35 வயதுக்குட்பட்ட உலகின் 35 புத்தாக்குநர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. இத்தகைய படப் பலகைகளைப் பற்றி அத்துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. பிள்ளை மட்டும் அதைத் தொட்டால் போதாது. சுற்றியுள்ள பெரியவர்களும் அதே பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேசிக் காட்ட வேண்டும். அப்போதுதான் பிள்ளைக்கு அது மொழியாகும். அப்படியானால் கேண்டீன் அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பசிக்கிறது என்று சொல்லும் இடம் அதுதானே!

நான் செரி செத்தியா நிலையத்தில் கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்ப்பதுண்டு. வெள்ளைக் கோலோடு நடந்து வருபவர், கைப்பேசியைக் காதருகே வைத்து, நமக்குப் புரியாத வேகத்தில் பேசும் குரலைக் கேட்டபடி செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில் பல தலைமுறைக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. அந்தத் திறமை கைப்பேசியோடு பெட்டியில் வந்ததன்று. யாரோ பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளைக் கோல் கண்ணுக்குத் தெரிவதால் அந்தத் தேவை புரிகிறது. வாசிப்புச் சிக்கலுக்குக் கோல் கிடையாது. அதனால் அது சோம்பேறித்தனம் என்று பெயர் வாங்கிக்கொள்கிறது.

சில மறுப்புகள்

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை இருக்கிறது என்பது முதல் மறுப்பு. உண்மை. அதனால்தான் இதைக் கூடுதல் சுமையாக ஏற்றக்கூடாது. ஆண்டுதோறும் அவர்கள் எப்படியும் கலந்துகொள்ளும் பயிற்சிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும்.

கணினியே வாசித்துவிட்டால் பிள்ளை வாசிக்கவே கற்றுக்கொள்ளாது என்பது இரண்டாவது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாசிப்பைக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் வாசிப்பையே கற்றுக்கொடுக்க வேண்டும். குறைநீக்கல் வகுப்புக்கு எந்தக் குரலும் மாற்றாகாது. ஆனால், வரலாற்று வகுப்பில் சோதிப்பது வரலாற்றை. அறிவியல் வகுப்பில் சோதிப்பது அறிவியலை. வாசிக்க முடியாததால் ஒரு மாணவன் எல்லாப் பாடத்திலும் பின்தங்க வேண்டும் என்பது என்ன நீதி? எப்போது கருவியைத் திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்யத்தான் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்கிறேன்.

எஸ்.பி.எம். தேர்வில் இதெல்லாம் கிடைக்காதே என்பது மூன்றாவது. சிறப்புத் தேவையுள்ள தேர்வர்களுக்குக் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளைத் தேர்வு வாரியம் செய்து தருகிறது. அதற்கு மாணவனின் நிலை முன்கூட்டியே கண்டறியப்பட்டு, பள்ளி உரிய நேரத்தில் பத்திரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் விழித்துக்கொண்டால் நேரம் இருக்காது. இங்கேயும் தேவைப்படுவது விவரம் அறிந்த பணியாளர்தான்.

நான்காவது பணம். கணினித் திரையை வாசித்துக் காட்டும் ‘என்.வி.டி.ஏ.’ மென்பொருளை 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் உருவாக்கத் தொடங்கினார். இன்றுவரை அது இலவசம். இன்னொன்றை நான் சொல்லவே தேவையில்லை. இம்மர்சிவ் ரீடர் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. செலவு வேண்டியது மனிதர்களின் நேரத்துக்கு.

இது கருணை அன்று

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 28ஆம் பிரிவில், கல்வி நிலையங்கள் கருவிகள், கற்பித்தல் பொருள்கள், கற்பிக்கும் முறைகள் ஆகியவற்றில் நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 24ஆம் விதி, கல்வியின் எல்லா நிலைகளிலும் பணியாற்றுகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை நடப்பில் இருக்கிறது. வாசலில் திருப்பி அனுப்பாமல் உள்ளே சேர்த்துக்கொண்டு, வகுப்பில் கைவிட்டால் அந்தக் கொள்கைக்குப் பொருள் என்ன?

நாம் என்ன செய்யலாம்?

ஆசிரியர் பயிற்சிக் கழகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தமிழாசிரியராகப் படிக்கும் நண்பர்களே, உங்கள் பாடத்திட்டத்தில் இது ஒரு சிறு பகுதியாக இருந்தால், அதைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பயிற்றுப்பணிக்குப் போகும் பள்ளியில் ஓர் ஆசிரியருக்காவது செய்து காட்டுங்கள். மற்ற துறைகளில் படிப்பவர்கள், புறப்பாட நடவடிக்கையாக அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் போய், பழைய எழுத்துருக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றித் தரலாம். நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கு நான்கு மாணவர்கள் போனாலே பெரிய மாற்றம் வரும்.

இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளே, உங்கள் பக்கத்தில் உட்காருபவர் வாசிக்கச் சொன்னால் தயங்குகிறார், பேசச் சொன்னால் அசத்துகிறார் என்றால், சிரிக்காதீர்கள். வீட்டில் கணினி இருந்தால் இன்றிரவே இம்மர்சிவ் ரீடரைத் திறந்து, உங்கள் பாடம் ஒன்றை வாசிக்க விட்டுப் பாருங்கள். அடுத்த நாள் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கே அது ஒருவேளை உதவலாம். அப்படி உதவினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எத்தனை கணினி வந்திருக்கிறது என்று கேட்பதோடு, தடுமாறும் பிள்ளைக்கு அவற்றைப் பயன்படுத்திக் காட்டத் தெரிந்தவர்கள் நம் பள்ளியில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பதில் ‘ஒருவர்’ என்று வந்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, இரண்டாவது ஆளுக்கு எப்போது பயிற்சி என்று கேட்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.